வண்டி ஒரு நடை போய்விட்டு வரட்டும்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. அந்தக் கதவோரம் காற்று அடிக்கும், இப்படி என் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள். இன்றைக்கு ஒரு வஞ்சம் தீர்த்த கதை சொல்கிறேன். கத்தி கிடையாது, விஷம் கிடையாது, ஒரு அடி உதைகூடக் கிடையாது. ஆனாலும் கேட்டு முடிக்கும்போது உங்களுக்கு வயிறு குளிரும், கூடவே நெஞ்சும் கொஞ்சம் வலிக்கும். இரண்டுக்கும் நான் பொறுப்பு.

எங்கள் தெருக்கோடியில் ஒரு ரொட்டிக்கடை இருந்தது. முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் நீளமான அடுப்பறை, அதற்கும் பின்னால் வண்டி நிறுத்தும் முற்றம். அடுப்பைப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் அடுப்புக்காரர் என்றே கூப்பிடுவோம். பேச்சு குறைவு. நீளத் துடுப்பை அடுப்புவாய்க்குள் விட்டு ரொட்டிகளைத் திருப்பும்போது மட்டும் அந்த ஒல்லி உடம்புக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். கடைக்குச் சொந்தக்காரர் அவர் மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். மாவு பட்டாலும் தெரியாது என்று வெள்ளைச் சட்டை போட ஆரம்பித்தவர், கடை பெருகப் பெருக மாவுப்பக்கம் போவதை நிறுத்திவிட்டார். சட்டை மட்டும் வெள்ளையாகவே தங்கிவிட்டது. தெருவும் அவருக்கு வெள்ளைச்சட்டை என்றே பேர் வைத்துவிட்டது.

இந்த இரண்டு ஆம்பிளைகளுக்கும் நடுவில் நின்று மாவு பிசைந்தவளைப் பற்றித்தான் இந்தக் கதை.

புருவத்தில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும். முன்னங்கைகளில் தட்டு பட்டுச் சுட்ட கோடுகள், வளையல் போட்ட மாதிரி வரிசையாக. வெந்த ரொட்டியைக் கவிழ்த்து அடியில் விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பாள். உள்ளே வெந்திருந்தால் ஒரு சத்தம், வேகாவிட்டால் ஒரு சத்தம். அதே பழக்கத்தில் புருஷன் நெஞ்சிலும் தட்டுவாள். "இன்னும் வேகல" என்பாள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு துடுப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

கல்யாணமான புதிதில் தன் வீட்டு மாவில் தண்ணீர் விட்டு, உலர்ந்த திராட்சை கொஞ்சம் போட்டு, மூடி வைத்துப் புளிக்கவிட்டாள். அது நுரைத்துப் பொங்கியதும் கடையிலிருந்த ஒரு பீங்கான் ஜாடிக்கு மாற்றினாள். அன்றன்றைக்கு அதிலிருந்து ஒரு கை எடுத்துப் புது மாவில் சேர்த்துப் பிசைவாள். எடுத்த இடத்தில் மாவும் தண்ணீரும் போட்டு நிரப்புவாள். அப்படியே வருஷக்கணக்காக அது சாகாமல் வளர்ந்தது. மகளும் மகனும் அதற்குப் பிறகுதான் பிறந்தார்கள் என்பதால் அந்த ஜாடிக்கு வீட்டில் "மூத்தவ" என்று பேர். "மூத்தவளுக்குச் சாப்பாடு போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் தன் தட்டில் கை வைப்பாள். குளிர் நாட்களில் ஜாடியைத் தன் பழைய சால்வையில் சுற்றிப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுப்பாள். மகள் சின்ன வயதில் அழுவாள், "எப்பப் பாரு மூத்தவ, மூத்தவ! நான் யாரு?" என்று. "நீ வாய் பேசறவ. அவளுக்கு வாய் இல்ல, நான்தானே பாக்கணும்" என்பாள் அம்மா.

அந்த ரொட்டியின் ருசிக்கு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்கூட வந்தார்கள். நாங்கள் பெண்கள் எல்லோரும் ஒரு கை மாவுக்காக அவளைக் கெஞ்சியிருக்கிறோம். வீட்டில் போட்டுப் பார்க்கலாம் என்ற ஆசைதான். கொடுக்க அவளுக்குக் கை துறுதுறுக்கும். "எனக்குத் தர ஆசைதான்டி. அண்ணன் பார்த்தா ஆடித் தீர்த்துடும்" என்று சொல்லி, ரொட்டி ஓரத்தை வெட்டி எங்கள் வாயில் திணித்து அனுப்புவாள்.

அவள் போன நாளில் விடாத மழை. விறகு ஈரம், அடுப்பறை முழுக்கப் புகை. ஓர் ஓட்டலின் விருந்துக்கு ரொட்டி போக வேண்டும். தொட்டியில் பிசைந்துகொண்டிருந்தவள் கையை எடுத்தாள். தோளிலிருந்து விரல்வரைக்கும் இழுக்கிறது என்றாள். முகமெல்லாம் வேர்வை. மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள். முற்றத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது, பாதி ரொட்டி ஏற்றியாகிவிட்டது.

"மச்சான், வண்டியில இவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிடலாம்" என்றார் அடுப்புக்காரர்.

"வாயுப்புடிப்பு மாப்ள. மழைக்கு எல்லாருக்கும் வருது. சுடுதண்ணி குடு, சரியாயிடும். வண்டி ஒரு நடை போயிட்டு வரட்டும், வந்ததும் அனுப்புறேன்."

அடுப்புக்குள் ஒரு ஈடு ரொட்டி பாதி வெந்துகொண்டிருந்தது. ஏற்றின ஈட்டை விட்டுவிட்டு அடுப்புக்காரன் நகரக்கூடாது. அந்தத் தொழிலில் கையிலும் காலிலும் ஊறிப்போன பழக்கம் அது. அவள் முகத்தைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். "இந்த ஈடு எறங்கட்டும், வந்துடறேன்" என்றார். அவளும் தலையாட்டினாள். "கருக விட்டுடாதீங்க" என்றாள். அவர் ரொட்டிகளை எடுத்து, கடைசி ரொட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அவள் மூட்டை மேல் சாய்ந்த வாக்கிலேயே இருந்தாள். வண்டி இன்னும் திரும்பவில்லை.

இதோடு முடிந்திருந்தால் அவர் அழுது ஓய்ந்திருப்பார், கண்ணுகளா. அடுத்த மாரிக்காலத்தில் வெள்ளைச்சட்டை வண்டிக்குப் புது வண்ணம் அடித்தார். இரண்டு பக்கமும் அவள் முகத்தை ஆளுயரத்துக்கு எழுதவைத்து, கீழே "தங்கையின் கைமணம்" என்று போட்டார். அவளை ஏற்றிக்கொள்ளாத அதே வண்டி. தினமும் காலையில் அவள் முகம் முற்றத்திலிருந்து சிரித்துக்கொண்டே புறப்படும். அடுப்புக்காரர் அந்த நேரம் பார்த்து அடுப்புக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

அவள் இடத்தில் இப்போது மகள் பிசைந்தாள். மூத்தவளையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். மகன் ஒரு மெக்கானிக் பட்டறையில் வேலை பார்த்தான்.

ஒருநாள் வெள்ளைச்சட்டை அடுப்பறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, சட்டை அழுக்காகும்.

"மாப்ள, வர்ற ஞாயித்துக்கிழமை கடைத்தெருவுல புதுக்கடை தெறக்கிறோம். பெரிய மனுஷங்கல்லாம் வராங்க. நீ நாலு வார்த்தை பேசணும்."

"நானா?"

"தங்கச்சியைப் பத்தித்தான். எப்படி உழைச்சா, புள்ளைங்களை எப்படி வளத்தா, மாவைக் கொழந்தை மாதிரி எப்படிப் பாத்துக்கிட்டா, எல்லாம் சொல்லு. கேக்கறவங்க கண்ணு கலங்கணும். கண்ணு கலங்கினவன் ஒண்ணு வாங்க வந்தா ரெண்டு வாங்குவான்."

"எப்படிச் செத்தான்னும் சொல்லட்டுமா மச்சான்?"

வெள்ளைச்சட்டையின் கை சட்டைப் பொத்தானுக்குப் போனது. "நல்ல நாளும் அதுவுமா அது எதுக்கு? வேளை வந்துடுச்சு, போயிட்டா. யாரால தடுக்க முடியும்?"

"வண்டியால."

அந்த ஒரு சொல் அவர் காதில் விழுந்ததோ என்னவோ, விழாத மாதிரி திரும்பிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வெங்காயம் வதக்கிப் போட்ட பருப்பு சூப், முந்தின நாள் ரொட்டி. மாமா சொன்னதை அப்பா சொன்னதும் மகன் தட்டைத் தள்ளிவிட்டான்.

"அந்த வண்டி டயரை நாலையும் கிழிச்சுட்டு வரேன்."

"கிழி" என்றாள் மகள். "நாளைக்குப் புது டயர் வாங்குவாரு. மாட்டறதுக்கு உன் பட்டறைக்குத்தான் வருவாரு. நீதான் குனிஞ்சு மாட்டணும்."

"கண்ணாடிய ஒடைக்கிறேன்."

"அதுவும் நீதான் மாட்டணும்."

"அப்ப என்னதான் பண்றது? அம்மா மூஞ்சியை வச்சு வியாபாரம் பண்றாரு, நாம சூப்பு குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். நீயும் அவரு மாவைத்தான் பிசையற."

"நான் அம்மா மாவைப் பிசையறேன்."

அப்பா ரொட்டித் துண்டைச் சூப்பில் நனைத்து நனைத்து, அது கரைந்து போகும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். என்ன செய்வது என்று அவருக்குள் ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

மறுநாள் மத்தியானம் அடுப்பறை ஆட்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். அடுப்புக்காரர் ஒரு பெரிய கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். துணியால் பிடித்து எடுத்துக்கொண்டு ஜாடி இருந்த மூலைக்குப் போனார். மூடியைத் திறந்தார். மூத்தவள் நன்றாகத் தூங்கி எழுந்த குழந்தை மாதிரி உப்பி, மேலெல்லாம் குமிழியாக இருந்தாள். புளிப்பும் பழமும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. அது அவள் சேலை முந்தானையின் வாசனை. அவர் கை கெட்டிலோடு அப்படியே நின்றது.

"அது எதுக்குப்பா?"

மூட்டைகளுக்குப் பின்னால் படுத்திருந்த மகள் எழுந்து நின்றாள்.

"டீக்கு."

"டீ போடறவங்க டம்ளர் எடுத்துட்டு வருவாங்க."

"தள்ளு."

"தள்ள மாட்டேன். மூத்தவளைக் கொன்னா மாமாவுக்கு என்ன ஆகும் சொல்லுங்க? ரெண்டு நாள் கத்துவாரு. அப்புறம் பாக்கெட் ஈஸ்ட்டு வாங்கிப் போடுவாரு. நமக்கு என்னப்பா இருக்கும்? அம்மா கை பட்டதுல உசுரோட இருக்கறது இது ஒண்ணுதான்."

"அவனுக்கு ஒரு நாளாவது கை ஒடிஞ்சு நிக்கணும். அவன் கேக்கணும், ஒருத்தனும் குடுக்கக்கூடாது. அது போதும் எனக்கு." கெட்டில் சாய்ந்து ஒரு சொட்டு அவர் பாதத்தில் விழுந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. "அவனை மட்டும் சொல்லி என்ன? 'இந்த ஈடு எறங்கட்டும்'னு நான்தானே சொன்னேன்? என் வாயாலதானே சொன்னேன்?"

மகள் கெட்டிலை வாங்கிக் கீழே வைத்தாள்.

"சொன்னீங்க. எனக்குத் தெரியும். உங்க மேலயும் எனக்குக் கோவம் இருக்கு, இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க அதை நெனச்சு நெனச்சுத் தினமும் சாகறீங்க. மாமா அதை எழுதி வச்சு விக்கிறாரு. ரெண்டும் ஒண்ணில்ல."

அவர் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார், அவள் உட்கார்ந்த அதே இடத்தில். மகள் ஜாடியை மூடினாள். மூடி மேல் கை வைத்தபடியே சொன்னாள்: "அம்மாகிட்ட தெருவே ஒரு கை மாவு கேக்கும், ஞாபகம் இருக்கா? மாமாவுக்குப் பயந்துக்கிட்டுக் குடுக்கல. இப்பக் குடுப்போம்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும். அவரைத் தவிர."

அடுப்புக்காரர் தலையைத் தூக்கினார். அவள் போனதற்கப்புறம் அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது என்று மகள் பிறகு என்னிடம் சொன்னாள். அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை என்றும் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க மகள் மூத்தவளுக்கு இரண்டு மடங்காகச் சாப்பாடு போட்டாள், கடை மாவில் கை வைக்காமல் வீட்டிலிருந்து கொண்டுபோய். சனிக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்தது. புதுக்கடைக்கு வேண்டிய மாவை அன்று சாயங்காலம் பிசைய வேண்டும். மத்தியானமே அப்பாவும் மகளும் இரண்டு வாளி நிறைய மாவோடு தெருவில் இறங்கிவிட்டார்கள். ஜாடியைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, அதே மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார்கள். ஜாடி கடைச் சொத்து.

ஒவ்வொரு வாசலிலும் மகள் கிண்ணம் கேட்டு வாங்கி மாவைப் போட்டாள். தினம் ஒரு பிடி மாவு, கொஞ்சம் தண்ணீர் என்று சொல்லிக்கொடுத்தாள். பேச்சே இல்லாத அடுப்புக்காரர் அன்று பேசினார். வாசலுக்கு வாசல் அவளைப் பற்றி ஒன்று சொன்னார். தையற்காரியிடம், அவள் கிழிந்த மாவுச்சாக்கில் மகனுக்குக் கால்சட்டை தைத்ததையும், அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த இடமெல்லாம் அவன் வெள்ளை அச்சு வைத்ததையும் சொன்னார். டீச்சரம்மாவிடம், எழுதப் படிக்கத் தெரியாதவள் மகளுடைய பாடத்தையெல்லாம் பிசைந்துகொண்டே கேட்டு மனப்பாடம் செய்து, மகளுக்கே எடுத்துக்கொடுத்ததைச் சொன்னார். என் வாசலில் சொன்னது இது: மகளுக்குக் காய்ச்சல் கொதித்த ஒரு குளிர்நாளில், ஒரே சால்வைக்குள் மகளையும் ஜாடியையும் அணைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் எந்திரிங்கடி, எனக்கு வேலை கெடக்கு" என்று விடியும்வரை திட்டிக்கொண்டிருந்தாளாம். சொல்லிவிட்டு, எல்லா வாசலிலும் முடித்த மாதிரியே முடித்தார்: "வண்டி ஒரு நடை போயிட்டு வரட்டும்னு சொன்னாங்க. வர்றதுக்குள்ள போயிட்டா."

இதை எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. வாயுப்புடிப்பு என்றே நாங்கள் நம்பியிருந்தோம். கிண்ணத்தைப் பிடித்திருந்த என் கை சுட்டது.

சாயங்காலம் கடைக்குள் ஒரே கூச்சல். மகளோடு கூடப் பிசையும் ஆள் ஜாடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓடியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் வெள்ளைச்சட்டை தெருவுக்கு வந்தார். வீட்டுக்கு வீடு ரொட்டி வாசனை! அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதலில் தையற்காரி கதவைத் தட்டினார்.

"அம்மா, என் மாவு ஒரு கை..."

"இருக்குங்க. தாராளமா தரேன். இப்பத்தான் ஈடு ஏத்தினேன். ஒரு நடை போயிட்டு வாங்க."

டீச்சரம்மா ஜன்னல் வழியாகவே சொன்னார், "ஒரு நடை போயிட்டு வாங்க." எதிர்வீட்டுக்காரி குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள். நான் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். தெருவே சொன்னதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

கடைசியில் அவர் அடுப்புக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தார். பின்கட்டில் அவள் தன் கையால் செங்கல் வைத்துப் பூசிய சின்ன அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"மாப்ள, ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிடாத. விடிஞ்சா கடைதெறப்பு. ஒரு கை மாவு. உனக்கு என்ன வேணும், சொல்லு."

"அவளை வண்டியிலேர்ந்து எறக்குங்க."

"என்ன?"

"உசுரோட இருந்தப்ப ஏத்திக்கல. செத்தப்புறம் ஏத்தி ஊர் சுத்தறீங்க. எறக்குங்க."

வண்டி வீட்டு வாசலுக்கே வந்தது. மகன் பட்டறையிலிருந்து மண்ணெண்ணெயும் கந்தல் துணியும் கொண்டுவந்து நீட்டினான். "இந்தாங்க மாமா. கை வலிச்சாச் சொல்லுங்க. நான் ஒரு நடை போயிட்டு வந்து தேய்க்கிறேன்." தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. வெள்ளைச்சட்டை தேய்த்தார். முதலில் எழுத்து போனது, பிறகு சிரிப்பு. வண்ணம் வழிந்து அந்தச் சட்டையெல்லாம் கறையானது. கண்கள் மட்டும் சீக்கிரம் போகவில்லை. அவர் தேய்க்கத் தேய்க்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. மகள் உள்ளே போய்விட்டாள். அடுப்புக்காரர் மட்டும் கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றார். உதடு கடித்த இடத்தில் இரத்தம் கட்டியிருந்தது.

வண்டி வெறுமையானதும் வெள்ளைச்சட்டை கை நீட்டினார். "எறக்கிட்டேன் மாப்ள. குடு."

"உக்காருங்க மச்சான். அடுப்புல ஈடு இருக்கு. எறங்கட்டும், வந்துடறேன்."

அவர் வாசற்படியில் உட்கார்ந்தார். வேறு எங்கே போவார்? உள்ளே ரொட்டி வெந்துகொண்டிருக்கும் வாசனை. தெருவில் ஒருவரும் அவரோடு பேசவில்லை. உட்கார்ந்திருக்க இருக்க அவர் முகத்தில் வேர்வை துளிர்த்தது. எதற்காக இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது அந்தப் படியில்தான் அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியிருக்க வேண்டும். தலை குனிந்துகொண்டே போனது.

அடுப்புக்காரர் வெளியே வந்தார். கையில் மாவு இல்லை; ஆவி பறக்க ஒரு டம்ளர்.

"என்னது மாப்ள?"

"சுடுதண்ணி. குடிங்க. சரியாயிடும்."

வெள்ளைச்சட்டை டம்ளரைப் பார்த்தார். தள்ளிவிடுவார் என்று நினைத்தோம். வாங்கிக்கொண்டார். சூட்டோடு, ஒவ்வொரு மடக்காக, அடிவரைக்கும் குடித்தார். அழுதாரா என்று கேட்டால், சுடுதண்ணீர் குடித்தாலும் கண்ணில் தண்ணீர் வரும். டம்ளரைப் படியில் வைத்துவிட்டு எழுந்து நடந்தே போனார். வண்டியில் ஏறவில்லை.

மாவு கொடுக்கவில்லை. அதில் ஒன்றும் மாற்றமில்லை.

புதுக்கடை பாக்கெட் ஈஸ்ட்டு ரொட்டியோடு திறந்தது. ரொட்டி பொங்கத்தான் செய்தது. பெரிய மனுஷர்கள் கடித்தார்கள், மென்றார்கள், மிச்சத்தைத் தட்டு ஓரத்தில் வைத்தார்கள். "அந்த ருசி எங்கே?" என்று கேட்டவர்களுக்கு யாரோ எங்கள் தெருவைக் கைகாட்டினார்களாம். பேச வேண்டியவர் வரவேயில்லை. அவர் அன்று வீட்டில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். அதற்கப்புறமும் வீட்டில்தான் சுட்டார், மகள் பிசைந்தாள்.

அடுத்த வார முடிவில் வெள்ளைச்சட்டையின் மனைவி பின்கட்டுக் கதவைத் தட்டினாள். முந்தானையில் மறைத்து ஒரு சின்னக் கிண்ணம்.

"உங்க மாமா சரியாச் சாப்பிடறதே இல்லடி. சுடுதண்ணி குடிச்சுட்டுப் படுத்துக்கறாரு."

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு ரொட்டியைக் கவிழ்த்துத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடிக்க நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "வீட்டுக்குன்னா குடு. கடைக்குன்னா இல்ல."

"வீட்டுக்குத்தான் அத்தை" என்று மகள் ஒரு கை அள்ளிப் போட்டாள். "தினமும் சாப்பாடு போடணும். மறந்தா செத்துடுவா. இவ எங்க மூத்தவ."

அவ்வளவுதான் கண்ணுகளா. அடுப்புக்காரர் மனசு ஆறிற்றா என்றால், எனக்குத் தெரியாது. தனியாக இருக்கும்போது தன் நெஞ்சில் தானே விரலால் தட்டிக்கொள்வார். என்ன சத்தம் கேட்டதோ, யாரிடமும் சொன்னதில்லை.

அதோ அந்த மூலையில் துணி போட்டு மூடியிருக்கிற கிண்ணத்தில் இருப்பது அவளேதான். போகும்போது ஆளுக்கு ஒரு கை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். மாவு பொங்குகிற மாதிரி உங்கள் வீடு பொங்கட்டும். உங்கள் வீட்டில் ஒருத்திக்கு நோவு என்றால் எந்த ஈடு கருகினாலும் கருகட்டும், அவளுக்கு முன்னால் வண்டி வந்து நிற்கட்டும்.